செல்ஃப் எடுக்காத டிராக்டர்: மோட்டாரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இரவு நல்ல மழை. காலையில் மண்ணை அள்ளிப் பிடித்தால் கையில் ஒட்டாமல் உதிர்கிறது. உழவுக்கு ஏற்ற பதம். மானாவாரி நிலத்தில் இந்தப் பதம் இரண்டு, மூன்று நாள்தான் நிற்கும். வெயில் கடுமையாக இருந்தால் அதுகூட நிற்காது. விதை தயார், ஆள் தயார். டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருகினாலும் அதே 'டக்'தான்.

அடுத்து என்ன நடக்கும் என்பது பல விவசாயிகளுக்கும் தெரியும். மெக்கானிக்குக் போன் போகும். அவர் வேறு ஊரில் வேலையில் இருப்பார். "செல்ஃப் மோட்டார் போயிருக்கும், கழற்றிக் கொண்டுவாங்க" என்பார். கழற்றி, பைக்கில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய், சரி செய்து திரும்ப மாட்டுவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். மாட்டிய பிறகும் சில நேரம் அதே 'டக்' கேட்கும். கடைசியில் பார்த்தால், பேட்டரியின் மைனஸ் கேபிள் டிராக்டர் உடம்பில் இணையும் போல்ட்டில் துரு ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குப் பணமும் போய், பதமும் போயிருக்கும்.

செல்ஃப் எடுக்காத டிராக்டரில் கோளாறு செல்ஃப் மோட்டாரில்தான் இருக்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டுவதுதான் தவறு. பேட்டரி, டெர்மினல், எர்த், சாவி வழி, சொலினாய்டு என்ற வரிசையில் பார்த்து வந்து, கடைசியாகவே மோட்டாரில் கை வைக்க வேண்டும். இந்த வரிசையில் பெரும்பாலான சோதனைகளை விவசாயியே அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். தேவைப்படும் கருவிகள் இரண்டு ஸ்பேனர், ஒரு உப்புத்தாள், ஒரு சாதாரண மல்டிமீட்டர்.

மதகும் வாய்க்காலும்

செல்ஃப் மோட்டார் வேலை செய்யும் விதத்தைப் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எளிதில் புரியும். பேட்டரிதான் ஏரி. பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள் பெரிய வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் மோட்டாரின் முதுகில் உருளையாக உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு, மதகு. சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர், மதகைத் திறக்கச் சொல்லும் ஆள்.

சாவியைத் திருகியதும் மெல்லிய ஒயர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் சொலினாய்டுக்குப் போகிறது. சொலினாய்டு காந்தமாகி இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மோட்டாரின் முனையில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தை, அதாவது பினியனை, முன்னே தள்ளி ஃபிளைவீலின் ரிங் கியரில் கோர்த்துவிடுகிறது. மற்றொன்று, உள்ளே இருக்கும் தடித்த செம்பு காண்டாக்ட்டுகளைச் சேர்த்துப் பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. மோட்டார் சுற்ற, ஃபிளைவீல் சுற்றி, என்ஜின் உயிர் பெறுகிறது.

ஏரி முதல் மோட்டார் வரை போகும் இந்தப் பாதை பாதிதான். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியும் வர வேண்டும். மோட்டாரின் உடம்பு, என்ஜின் இரும்பு, சேசிஸ், எர்த் கேபிள் வழியாக அது பேட்டரியின் மைனஸுக்கு வந்து சேர்கிறது. போகும் வழியைப் பார்ப்பவர்கள் பலர். திரும்பி வரும் வழியைப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தப் பாதையில் ஓடும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. டீசல் என்ஜினின் அழுத்தத்தை மீறிச் சுற்ற, டிராக்டரின் செல்ஃப் மோட்டார் சாதாரணமாக 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 10 வோல்ட்டில் 200 ஆம்பியர் என்றால் 2,000 வாட். கிட்டத்தட்ட இரண்டரை குதிரைத்திறன். ஒரு சிறிய கிணற்று மோட்டாரின் சக்தி, சில விநாடிகளுக்கு ஒரு பேட்டரியிலிருந்து கிளம்புகிறது. அதனால்தான் வழியில் சிறு தடை இருந்தாலும் செல்ஃப் எடுப்பதில்லை.

சத்தமே முதல் சாட்சி

ஸ்பேனரைத் தேடும் முன், ஒருமுறை சாவியைத் திருகிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கியரும் பி.டி.ஓ.வும் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடிதான் இதைச் செய்ய வேண்டும்.

1. எந்தச் சத்தமும் இல்லை: மதகுக்குச் செய்தியே போகவில்லை. பேட்டரி முழுதாக இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் கழன்றிருக்கலாம். இவை சரியாக இருந்தால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், எலி கடித்த ஒயர் இவற்றில் ஒன்று.

2. 'டக டக டக' என்று வேகமான சத்தம்: சொலினாய்டு இழுக்கிறது, பெரிய மின்சாரம் ஓடத் தொடங்கியதும் வோல்ட் விழுந்துவிடுகிறது, சொலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பெரும்பாலும் பேட்டரி பலவீனம் அல்லது டெர்மினல் கோளாறு.

3. ஒரே ஒரு 'டக்': மதகு திறக்கும் சத்தம் கேட்கிறது, மோட்டார் சுற்றவில்லை. கேபிள் அல்லது எர்த் இணைப்பு, சொலினாய்டு காண்டாக்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ் ஆகியவை சந்தேகத்துக்குரியவை.

4. முக்கி முனகி மெதுவாகச் சுற்றுகிறது: பேட்டரி பலம் போதவில்லை, அல்லது இணைப்பில் தடை, அல்லது மோட்டாரின் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறது.

5. 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை: பெண்டிக்ஸ் எனப்படும் பினியன் அமைப்பு வழுக்குகிறது அல்லது கோர்க்கவில்லை. 'கரகர' என்று பல் உரசினால் பினியன் அல்லது ரிங் கியர் பல் தேய்ந்திருக்கும். இது மெக்கானிக் வேலை.

6. என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை: இது செல்ஃப் கோளாறே இல்லை. என்ஜின் நிறுத்தும் நாப் இழுத்தபடியே இருக்கிறதா, டீசல் இருக்கிறதா, டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செலவில்லாத இன்னொரு சோதனை ஹெட்லைட். விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகும்போது வெளிச்சம் ஒரேயடியாக அணைந்தால் பேட்டரியிலோ டெர்மினலிலோ கோளாறு. மிகவும் மங்கி, என்ஜின் முனகினால் பேட்டரி பலவீனம் அல்லது மோட்டார் பிடிக்கிறது. வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் அப்படியே நின்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவே இல்லை. சில மாடல்களில் ஸ்டார்ட் நிலையில் விளக்கு தானாகவே அணையும். அந்த டிராக்டர்களில் மீட்டரை வைத்தே பார்க்க வேண்டும்.

ஏரியில் தண்ணீர் இருக்கிறதா?

முதல் சோதனை எப்போதும் பேட்டரி. டிராக்டர் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான். 11.9க்குக் கீழே போனால் சார்ஜ் செய்யாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் பயன் தராது.

ஆனால் நின்ற நிலையில் 12.6 காட்டுவது மட்டும் போதாது. ஏரியில் தண்ணீர் தெரிந்தாலும் வண்டல் மண்டியிருந்தால் கொள்ளளவு குறைவுதானே. அதேபோல் பழைய பேட்டரி மீட்டரில் நன்றாகக் காட்டும், சுமை வந்ததும் விழுந்துவிடும். அதனால் ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருக, இன்னொருவர் பேட்டரி முனைகளில் மீட்டரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். என்ஜின் சுற்றும்போது ஏறத்தாழ 10 வோல்ட் நின்றால் பேட்டரி நல்லது. 9.5க்குக் கீழே விழுந்தால், முதலில் முழு சார்ஜ் செய்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் விழுந்தால் பேட்டரியில் ஏதோ ஒரு செல் போயிருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம். வேறொரு நல்ல பேட்டரியை மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சாவியைத் திருகி 'டக்' கேட்ட பிறகும் 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால், பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது.

நீர் ஊற்றும் பேட்டரிகளில் தகடுகள் மூழ்கும் அளவு நீர் இருக்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீர், போர் நீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றினால் சக்தி கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆவியாகிப் போவது நீர்தான், ஆசிட் அல்ல.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் உடனே நிறைய சுத்தமான தண்ணீரால் தொடர்ந்து கழுவி, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தடை

இரண்டாவது சோதனை டெர்மினலும் எர்த்தும். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் பொடி பார்க்கச் சிறிய விஷயம். அது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் அது தெரியவே தெரியாது. ஆனால் 200 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் மட்டும் 2 வோல்ட் வீணாகும். 10 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் மோட்டாருக்கு மிச்சம் 8தான். என்ஜின் முனகும், அல்லது அசையாது. அதே இணைப்பு வழியாக ஹெட்லைட் நன்றாகவே எரியும், ஏனென்றால் அதற்குத் தேவை சில ஆம்பியர்தான். 'லைட் நல்லா எரியுது, அதனால பேட்டரியும் ஒயரும் நல்லாத்தான் இருக்கு' என்று ஏமாறுவது இதனால்தான்.

தடையை மீட்டரே காட்டிக்கொடுக்கும். மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் தொட்டுக்கொண்டு, சீட்டில் இருப்பவரைச் சாவி திருகச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. அடுத்து, பேட்டரியின் மைனஸ் முனையையும் செல்ஃப் மோட்டாரின் உடம்பையும் தொட்டு இதேபோல் பார்க்க வேண்டும். இங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் இந்த எர்த் இணைப்புதான் அடிக்கடி கெடும். சேறும் தண்ணீரும் பட்டுப் பட்டு, பெயின்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிடும்.

இந்தச் சோதனையின்போது என்ஜின் நிறுத்தும் நாப்பை இழுத்து வைத்தால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். கியர் நியூட்ரலில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருக்க வேண்டும். சோதிப்பவர் சக்கரத்தின் வழியில் நிற்கக் கூடாது. ஃபேன் பெல்ட் பக்கம் வேட்டி, துண்டு, சேலை முந்தானை போகாமல் கட்டிக்கொள்ள வேண்டும்.

சுத்தம் செய்வதில் ஒரு வரிசை உண்டு. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டதும் பெரும் தீப்பொறி பறக்கும். பூத்த பொடியை வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடா ஊற்றிக் கழுவலாம். அந்த நீர் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுகியிருக்க வேண்டும். பிறகு ஈய முனையும் கேபிள் கவ்வியும் பளபளக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு தெரியும்படி செய்து முடுக்க வேண்டும். கேபிளின் ரப்பர் உறைக்குள்ளே செம்பு பச்சையாகிப் பொடிந்திருந்தால் கேபிளையே மாற்றுவது நல்லது. மாற்றும் கேபிள் பழையதைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது.

சாவி வழியில் என்ன தடை?

பேட்டரியும் இணைப்புகளும் சரியாக இருந்தும் சத்தமே இல்லை என்றால், மூன்றாவதாகச் சாவி வழியைப் பார்க்க வேண்டும். பல டிராக்டர்களில் கிளட்ச்சை முழுதாக மிதித்தால்தான், அல்லது கியர் லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும். சில மாடல்களில் பி.டி.ஓ. லீவரும் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளட்ச் மிதியடிக்குக் கீழே இருக்கும் சிறிய சுவிட்ச் சேற்றால் அடைத்துக்கொண்டாலோ, இடம் நகர்ந்தாலோ மிதித்தது பதிவாகாது. துடைத்து, மிதியடி அதை அழுத்துகிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

சொலினாய்டில் வந்து சேரும் மெல்லிய ஒயரின் முனையை இருந்த இடத்திலேயே வைத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை என்ஜின் இரும்பிலும் தொட்டு, சாவியைத் திருகிப் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தால் சாவி வழி சரி. வரவில்லை என்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச், பாதுகாப்பு சுவிட்சுகள், ஒயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். கொட்டகையில் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் டிராக்டரில் எலி கடித்த ஒயரைத் தேடுவது வீண் வேலை அல்ல. எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும்; செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தால் அடுத்த முறை எரிவது ஒயரிங்தான்.

கிளட்ச் சுவிட்ச் கெட்டால் அதன் இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த நிமிடம் டிராக்டர் ஓடும். அதன்பின் கியரில் இருந்தாலும் அது ஸ்டார்ட் ஆகும். வீட்டுப் பிள்ளை விளையாட்டாகச் சாவியைத் திருகினாலும் வண்டி பாயும்.

இனி மோட்டார்

மெல்லிய ஒயரில் 12 வோல்ட் வருகிறது, தடித்த கேபிள் வழியும் எர்த் வழியும் சரி, அப்படியும் 'டக்' மட்டும் கேட்கிறது, அல்லது அதுவும் கேட்கவில்லை என்றால்தான் சொலினாய்டையும் மோட்டாரையும் சந்தேகிக்க வேண்டும். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்பு காண்டாக்ட்டுகள் ஒவ்வொரு முறையும் பொறி பட்டுக் கருகித் தேயும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேயும், புஷ் தேயும், கம்யூட்டேட்டர் கறுக்கும். இவை எல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடிய பாகங்கள். பிரஷ் தேய்ந்ததற்காக முழு மோட்டாரையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கழற்றும் முன் பேட்டரி மைனஸைக் கட்டாயம் கழற்ற வேண்டும், ஏனென்றால் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும்.

மோட்டார் சீக்கிரம் கெடுவதற்குப் பெரிய காரணம், விடாமல் சாவியைத் திருகுவது. அது சில விநாடி வேலைக்காகவே செய்யப்பட்ட மோட்டார். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் திருகக் கூடாது. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஒரு நிமிடமாவது விட்டு மறுபடி முயல வேண்டும். மூன்று, நான்கு முறைக்குப் பிறகும் ஆகவில்லை என்றால் காரணத்தைத் தேடுவதே சரி.

வெள்ளத்தில் மூழ்கிய டிராக்டரில் மட்டும் இந்தச் சோதனைகள் எதையும் செய்யக் கூடாது. ஏர் கிளீனர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், செல்ஃப் அடித்ததும் தண்ணீர் சுருங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் வந்து தண்ணீரை வெளியேற்றிய பிறகே செல்ஃபைத் தொட வேண்டும்.

உயிரைப் பறிக்கும் ஸ்க்ரூடிரைவர்

செல்ஃப் எடுக்காதபோது கீழே நின்றபடி ஸ்க்ரூடிரைவரையோ ஸ்பேனரையோ செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் வைத்து ஸ்டார்ட் செய்வது கிராமங்களில் ஒரு திறமையாகவே பார்க்கப்படுகிறது. இது ஆளைக் கொல்லும் பழக்கம். உலகெங்கும் டிராக்டர் விபத்துகளில் இப்படி ஸ்டார்ட் செய்து சக்கரத்தில் சிக்கி இறந்தவர்கள் உண்டு. டிராக்டர்களின் செல்ஃப் மோட்டார்மீது மூடி போடுவதும், எச்சரிக்கை ஒட்டுவதும் இதற்காகத்தான்.

நடப்பது இதுதான். ஸ்க்ரூடிரைவர் வைத்ததும் சாவி, கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. டிராக்டர் கியரில் இருந்தாலும் என்ஜின் ஸ்டார்ட் ஆகும், வண்டி உடனே நகரும். செல்ஃப் மோட்டாரைத் தொட்டபடி நிற்கும் ஆள் நிற்பது பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். ஹேண்ட் பிரேக் சரியில்லாத டிராக்டரைக் கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. கியரில் நிறுத்தும் பழக்கமும் ஸ்க்ரூடிரைவர் பழக்கமும் ஒரே நாளில் சேர்ந்தால் விலகி ஓட நேரம் கிடைக்காது. "நியூட்ரல்லதான் இருந்தது" என்று சொல்பவர்களும், முன்தினம் வண்டியை நிறுத்தியது வேறொருவர் என்பதை மறந்திருப்பார்கள்.

அவசரத்துக்குச் சரியான வழி வேறு ஒன்று இருக்கிறது. பேட்டரி இறங்கியிருந்தால் இன்னொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் கொடுக்கலாம். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியாக ஸ்டார்ட் ஆகாத டிராக்டரின் என்ஜினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரிக்கு அருகில் வாயு இருக்கும் என்பதால்தான் தள்ளி மாட்டுவது. சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்த பிறகு, மாட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் கழற்ற வேண்டும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: புது பேட்டரி போட்டும் வாரம் ஒருமுறை இறங்கிவிடுகிறது. என்ன காரணம்?

பதில்: பேட்டரி இறங்குவதற்கு இரண்டே காரணம். வரவு குறைவு அல்லது செலவு அதிகம். வரவைப் பார்க்க, என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் மீட்டரை வைக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் சார்ஜிங் சரி. 13க்குக் கீழே இருந்தால் ஃபேன் பெல்ட் தளர்வு, ஆல்டர்னேட்டர், ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரி நீர் சீக்கிரம் வற்றும். செலவுப் பக்கம், பாட்டுப் பெட்டி, கூடுதல் எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றைச் சாவியைத் தவிர்த்து நேராகப் பேட்டரியில் இணைத்திருந்தால், வண்டி நிற்கும்போதும் அவை மின்சாரம் உறிஞ்சலாம். அந்த இணைப்புகளைச் சாவி வழியாக, தனி ஃபியூஸ் போட்டு மாற்ற வேண்டும்.

கேள்வி: மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்கிறோம். இதனால் பாதிப்பு உண்டா?

பதில்: என்றைக்காவது ஒருநாள் என்றால் சமாளிப்பு. தினமும் என்றால் ஆபத்து. உருளும் டிராக்டரில் என்ஜின் ஓடாதபோது பவர் ஸ்டீயரிங் இறுகும். பின்னால் டிரெய்லர் இருந்தால் வண்டியைக் கட்டுப்படுத்துவது இன்னும் கடினம். இன்னொரு டிராக்டரால் கட்டி இழுப்பதிலும் இதே சிக்கல். மேட்டைத் தேடும் நேரத்தில் டெர்மினலைத் தேய்த்துவிடலாம்.

கேள்வி: எங்களுடையது மீனவக் குடும்பம். படகின் வெளிப்பொருத்து மோட்டாரில் செல்ஃப் திடீரென்று எடுப்பதில்லை. டிராக்டர் முறைதான் இதற்குமா?

பதில்: வரிசை அதேதான்: பேட்டரி, டெர்மினல், எர்த், ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச், சொலினாய்டு, மோட்டார். வித்தியாசம், கடலில் எதிரி சேறு அல்ல, உப்பு. உப்புக் காற்று டெர்மினலையும் ஃபியூஸ் கவ்வியையும் வேகமாக அரிக்கும். கையால் திருகும் இறக்கை நட்டு அலை அதிர்வில் தளரும். அதற்குப் பதில் ஸ்பிரிங் வாஷர் வைத்து சாதாரண நட்டால் முடுக்குவது நல்லது. பேட்டரி, படகின் அடியில் தேங்கும் தண்ணீர் படாத உயரத்தில், மூடிய பெட்டியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கியர் லீவர் சரியாக நியூட்ரலில் விழவில்லை என்றால் செல்ஃப் எடுக்காது. லீவரை முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால், ஓட்டுபவர் உடம்பில் மாட்டும் சிவப்புப் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை வந்தால் அது போகும்வரை எந்த ஒயரையும் தொடக் கூடாது. அவசர இழுவைக் கயிறு எப்போதும் படகில் இருக்க வேண்டும். அதைக் கரையிலேயே ஒருமுறை பழகிப் பார்த்திருக்க வேண்டும். நியூட்ரலில் மட்டுமே இழுக்க வேண்டும். கியரில் இருந்தால் படகு பாய்ந்து, இழுத்தவர் கடலில் விழ நேரும். உழவு ஒருநாள் தள்ளிப்போனால் பதம்தான் போகும். நடுக்கடலில் என்ஜின் நின்றால் கரைக்கு வழியே போகும். ஆகவே இந்தச் சோதனைகள் எல்லாம் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையில் முடிந்திருக்க வேண்டும்.

பருவத்துக்கு முன் அரை நாள்

செல்ஃப் கோளாறு ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த துரு, அவசரமான ஒரு காலையில் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆடிப் பட்டத்துக்கு முன் ஒருமுறை, சம்பா சேற்றுழவு முடிந்ததும் ஒருமுறை, அரை நாள் ஒதுக்கி டெர்மினல், எர்த், பேட்டரி நீர், ஃபேன் பெல்ட், கிளட்ச் சுவிட்ச் ஐந்தையும் பார்த்துவிட்டால் போதும். வேலை இல்லாத மாதங்களில் டிராக்டரைச் சும்மா நிறுத்துவதானால் பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். பேட்டரி வாங்கிய தேதியையும் ஒவ்வொரு முறை பார்த்த வோல்ட்டையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அது எப்போது ஓயப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இயந்திரங்களை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு, ஆந்திர மாநிலம் அனந்தபூர் அருகே கார்லதின்னேயில் மத்திய அரசின் தென் மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் இருக்கிறது. உழவு நாளில் சொந்த டிராக்டர் நின்றுபோனால், தமிழக வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர்களை 'உழவன்' செயலியின் இ-வாடகை வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம்.

மெக்கானிக்கை அழைக்கும்போதும் இந்தச் சோதனைகள் கை கொடுக்கும். "செல்ஃப் எடுக்கல, வாங்க" என்பதற்குப் பதிலாக, "பேட்டரி 12.6 இருக்கு, திருகும்போதும் 12க்குக் கீழ இறங்கல, மெல்லிய ஒயர்ல கரண்ட் வருது, எர்த் தேய்ச்சாச்சு, ஒரு டக் மட்டும் கேட்குது" என்று சொன்னால், எந்தப் பாகத்தோடு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஒரே நடையில் வேலை முடியும், பதம் தப்பாமல் விதையும் விழும்.